காணாமற்போன துணைக் கோப்புகள்

வடநாட்டில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கணிப்பொறி புகுந்தது பெரும்பாலும் 1995-க்கும் 2005-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளிலேயாகும். 1995 ஆகஸ்டு 15 அன்றுதான் இந்நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு வழங்கத் தொடங்கினார்கள். அதுவும் முதலில் பெருநகரங்களில் வசதியுள்ள சிலருக்கே எட்டிற்று. ஏனையோருக்குப் புரோகிராம் என்பது பிளாப்பியிலோ குறுந்தகட்டிலோ கைக்குக் கை மாறி வந்து சேர்ந்த பண்டம். ஊருக்குப் போய்த் திரும்பும் அன்பர் ஒருவர் ஊறுகாய் ஜாடியோடும் அப்பளக் கட்டோடும் ஜாதகம் கணிக்கும் குறுந்தகடு ஒன்றையும் வாங்கி வருவார். தமிழில் தட்டச்சு செய்யும் புரோகிராமும், குழந்தைகளுக்கு அகரவரிசை கற்பிக்கும் புரோகிராமும் இவ்வாறே வந்தன. சங்கங்களிலோ, கணிப்பொறி பயின்ற உறுப்பினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் விடுமுறையில் உட்கார்ந்து உறுப்பினர் பதிவேட்டையும் சந்தாக் கணக்கையும் ஒரு சிறு புரோகிராமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் வேலை கிடைத்து வேறெங்கோ சென்றுவிடுவார். கேட்பதற்கு ஆள் இராது. புரோகிராம் மட்டும் இருக்கும்.

இருபது இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இன்று அவற்றை இயக்க முனைந்தால் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றும். இன்ன பெயருள்ள கோப்பு உங்கள் கணிப்பொறியில் காணப்படவில்லை, ஆகவே புரோகிராமைத் தொடங்க இயலாது, மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதைக் கண்டவுடன் நம்மவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், “பழசு, இனி ஓடாது” என்று சொல்லி அந்தக் குறுந்தகட்டைக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவ்வாறு அனுப்புவது அவசரம் என்பதே நமது கருத்து. அந்தப் பெட்டியிலுள்ள செய்தி மரணச் சான்றிதழ் அன்று, ஒரு முகவரி. எதைத் தேடவேண்டும் என்பதை அது பெயர் சொல்லியே தெரிவிக்கின்றது.

நாம் ரெயில்வே குமாஸ்தா. மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரல்லர். எனினும் ஆபீஸிலும் சங்கத்திலும் பழைய கணிப்பொறிகளோடு மல்லுக்கு நிற்க வேண்டி வந்ததால் அறிந்துகொண்ட சிலவற்றை அன்பர்களுக்குப் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

முதலில், கோப்பு ஏன் காணாமற் போகிறது என்பதை அறியவேண்டும். ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் தானே சுமந்து வருவதில்லை. கல்யாணச் சமையலுக்கு வரும் தலைமைச் சமையற்காரர் தம்முடைய கரண்டியையும் கைப்பக்குவத்தையும் கொண்டுவருகிறார். அண்டாவும் கோட்டையடுப்பும் மண்டபத்தில் இருக்குமென்று நம்பி வருகிறார். விண்டோஸில் அவ்வாறு பொதுவில் வைக்கப்பட்டிருக்கும் பாத்திரங்களுக்கு டி.எல்.எல். என்று பெயர். சாளரம் வரைதல், எழுத்தைக் காட்டுதல், அச்சுக்கு அனுப்புதல் முதலிய பொதுவேலைகளைச் செய்யும் நிரல்கள் அவற்றினுள் அடங்கியிருக்கும். பல புரோகிராம்கள் ஒரே டி.எல்.எல்.-ஐப் பகிர்ந்துகொள்ளும். வட்டில் இடம் அருமையாயிருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம். மண்டபம் மாறும்போதுதான் தொல்லை.

நம்மவர் பிள்ளைகள் அந்நாளில் எழுதிய புரோகிராம்களில் பெரும்பாலானவை விஷுவல் பேசிக் என்னும் மொழியில் எழுதப்பட்டவை. மைக்ரோசாப்ட் கம்பெனி அதன் முதற்பதிப்பை 1991-இல் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பு 1993-இலும், ஐந்தாவது 1997-இலும், ஆறாவது 1998-இலும் வந்தன. இம்மொழியில் எழுதப்பட்ட புரோகிராம் எதுவாயினும் அதன் பதிப்புக்குரிய ஓட்டுநர் கோப்பு ஒன்று உடனிருந்தாக வேண்டும். மூன்றாம் பதிப்புக்கு வி.பி.ரன்.300, ஐந்தாவதற்கு எம்.எஸ்.வி.பி.வி.எம்.50, ஆறாவதற்கு எம்.எஸ்.வி.பி.வி.எம்.60. இவற்றுள் ஆறாவதற்குரியதை மட்டும் மைக்ரோசாப்ட் இன்றைய விண்டோஸிலும் உள்ளேயே வைத்து அனுப்புகிறது. ஐந்தாவதற்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் உரியவை அதில் இல்லை. ஆகவே 1998-இல் எழுதிய புரோகிராம் ஒன்று சிரமமின்றி ஓட, அதற்கு ஓராண்டு முந்திய பதிப்பில் எழுதியது நின்றுவிடுகிறது. வயது ஒன்றாயினும் விதி வேறாயிருப்பது இதனாலேதான்.

அக்காலத்தில் புரோகிராம் எழுதியவர்கள் இந்த ஓட்டுநர் கோப்பைச் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 14 இலட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் பைட்டுகள். எம்.எஸ்.வி.பி.வி.எம்.50 என்பது மட்டும் சுருக்காமல் வைத்தால் 13 இலட்சத்து 50 ஆயிரம் பைட்டுகளுக்கு மேல். புரோகிராமோ ஒரு இலட்சம் பைட்டுகூட இராது. குதிரையைவிடச் சேணம் பத்து மடங்கு பெரிது! ஆகவே, “இது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்” என்று எண்ணி விட்டுவிட்டார்கள். அன்று அது உண்மையாகவும் இருந்தது, ஏனெனில் வேறு ஏதாவதொரு புரோகிராம் அதைக் கொண்டுவந்து வைத்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம்மவர்கள் புதுக் கணிப்பொறி வாங்கும்போது பழையதிலிருந்து புரோகிராமின் தலைக்கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துச் செல்வார்கள். சிலர் மேசைத்திரையிலிருக்கும் குறும்படத்தை மட்டுமே எடுத்துப் போவதும் உண்டு. இது வீட்டை மாற்றும்போது பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிக்கொண்டு போவதற்கு ஒப்பாகும்.

இனி, எந்தப் பழைய புரோகிராம் பிழைக்கும், எது பிழையாது என்பதை நமது இலாகா உவமையாலேயே விளக்குவது எளிது. பாம்பன் பாலம் 2007-இல் அகலப் பாதையாக மாற்றப்படும் வரையில் இராமேசுவரத்துக்கு மீட்டர் கேஜ் வண்டியன்றி வேறு வண்டி போக இயலாது. நாம் சிறு பிராயத்தில் வடக்கிலிருந்து ஊருக்குப் போகும்போது, வழியில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வண்டி மாறிய நினைவு இன்னும் இருக்கிறது. சரக்குகளோ ஒரு வாகனிலிருந்து இன்னொரு வாகனுக்குக் கூலியாட்கள் தோளிலேயே மாறும். மீட்டர் பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அகலப் பாதையினுடையது 1,676. வண்டி எவ்வளவு நல்ல வண்டியாயினும் தண்டவாளம் ஒத்துவராவிடில் ஓடாது.

விண்டோஸிலும் மூன்று கேஜ்கள் உண்டு: 16 பிட், 32 பிட், 64 பிட். விண்டோஸ் 3.1 காலத்துப் புரோகிராம்கள் 16 பிட். விண்டோஸ் 95-க்குப் பின் வந்தவை பெரும்பாலும் 32 பிட். இன்றைய கணிப்பொறிகளில் இருப்பது 64 பிட் விண்டோஸ். அதில் 32 பிட் வண்டி ஓடுவதற்கென்று தனித் தண்டவாளம் இன்றும் பதித்து வைத்திருக்கிறார்கள். 16 பிட் தண்டவாளத்தையோ அறவே பெயர்த்தெடுத்துவிட்டார்கள். 32 பிட் விண்டோஸ் 10 வரையில் அது கிடைத்துவந்தது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே வி.பி.ரன்.300-ஐக் கேட்கும் புரோகிராமுக்கு அந்தக் கோப்பைத் தேடிக் கொடுத்தாலும் இன்றைய விண்டோஸில் அது நேரே ஓடாது. எம்.எஸ்.வி.பி.வி.எம்.50-ஐக் கேட்பதற்குக் கொடுத்தால் ஓடும். தேடப் புறப்படுமுன் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 1990-களின் பிற்பகுதியில் வந்த குறுந்தகடுகள் பலவற்றில் புரோகிராம் 32 பிட்டாகவும், அதை நிறுவித் தரும் ‘செட்டப்’ மட்டும் 16 பிட்டாகவும் இருக்கும். வண்டி அகலப் பாதைக்குரியது. ஆனால் அதை ஷெட்டிலிருந்து வெளியே இழுத்துவரும் எஞ்சின் மீட்டர் கேஜ்! செட்டப் ஓடவில்லையென்று கண்டு புரோகிராமே செத்துவிட்டதென்று முடிவு செய்தல் கூடாது. பழைய கணிப்பொறியில் முன்பே நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரை அப்படியே முழுவதுமாக எடுத்து வந்து வைத்தால் பல சமயம் உயிர் பெற்றுவிடுகிறது.

நமது சங்கத்தில் சென்ற ஆண்டு நேர்ந்ததைச் சொன்னால் முறைகள் விளங்கும். சங்கத்துக் குடும்ப உதவி நிதியின் விதிப்படி, இடைவிடாது பத்தாண்டுகள் சந்தா செலுத்திய உறுப்பினர் எங்கு வாழ்ந்து காலமானாலும் அவர் குடும்பத்துக்கு ஒரு தொகை உண்டு. 2009 ஜூன் வரை இங்கே பணியிலிருந்து, ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் சென்ற அன்பர் ஒருவர் காலமானார். அவர் மனைவியார் எழுதிய கடிதம் கமிட்டிக்கு வந்தது. “அவர் மாதம் தவறியதில்லை, ரசீதுகளை வீடு காலி செய்யும்போது எங்கோ விட்டுவிட்டோம். கணக்கு உங்களிடம் இருக்குமென்று நம்புகிறேன்” என்று எழுதியிருந்தார்கள்.

காகிதப் பேரேட்டில் 2003 ஏப்ரல் முதல் 75 மாதங்களுக்குரிய வரவு இருந்தது. அதற்கு முந்திய பேரேடுகள் ஒரு மழைக்காலத்தில் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீர் புகுந்தபோது கூழாகிவிட்டன. 1999 ஏப்ரல் முதல் 2003 மார்ச் முடிய உள்ள 48 மாதக் கணக்கு, அக்காலத்தில் ஒருவர் எழுதிக் கொடுத்த விஷுவல் பேசிக் புரோகிராமில்தான் இருந்தது. அந்தக் கணிப்பொறி நூலக அறையில் கரும்பலகைக்குப் பின்னால் கிடந்தது. மின்சாரம் கொடுத்தால் உயிரில்லை. ஆனால் அதனுள்ளிருந்த ஹார்டு டிஸ்க் கெடவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. இணைப்பி ஒன்றை வாங்கிப் பொருத்தியதும், அதிலிருந்த எல்லாம் சங்கத்தின் புதிய விண்டோஸ் 11 கணிப்பொறியில் தெரியலாயின. முதற்காரியமாக அந்த டிஸ்கு முழுவதையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவிட்டோம். இருபது வருஷத்து டிஸ்கு எந்த நிமிடம் நிற்கும் என்று யார் அறிவார்? பிரதி எடுக்காமல் பழைய டிஸ்கில் கை வைப்பவர்களை நாம் ஒருபோதும் ஆதரிப்பதில்லை.

புரோகிராமைத் தொடங்கியதும் எம்.எஸ்.வி.பி.வி.எம்.50 இல்லையென்ற பெட்டி வந்தது. கடைத்தெருவில் கணிப்பொறி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் உடனிருந்தார். “பாயி சாப், ஒரு நிமிட வேலை. பெயரை நெட்டில் அடித்தால் பத்து இடத்தில் இலவசமாகக் கிடைக்கும்” என்று இந்தியில் சொன்னார். கிடைக்கும் என்பது மெய்யே. ஆனால் டி.எல்.எல். என்பது படமோ பாட்டோ அன்று. அது இயங்கும் நிரல். புரோகிராமுக்குள்ள அதிகாரம் முழுவதும் அதற்கும் உண்டு. முகமறியாதார் தரும் கோப்பினுள் கள்ள நிரலைப் பொதிந்து வைப்பது எளிது. பெயர் சரியாயிருப்பதனால் உள்ளே இருப்பதும் சரியென்று கொள்வதற்கில்லை. உறுப்பினர் விலாசமும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணிப்பொறியில் அதை அனுமதிக்கலாமா? ரெயிலில் அறியாதவர் கொடுக்கும் பிஸ்கட்டைத் தின்னவேண்டாமென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிறோமே, அந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

அப்படியானால் எங்கே தேடுவது? தொலைந்ததாகச் சொல்லப்படும் கோப்பு பெரும்பாலும் நம் வீட்டிலேயே இருக்கும். புரோகிராம் முன்பு ஓடிய கணிப்பொறியில் அது இருந்தே தீரவேண்டும் அன்றோ! விண்டோஸ் 98-இல் ‘விண்டோஸ்’ என்னும் ஃபோல்டருக்குள் ‘சிஸ்டம்’ என்னும் ஃபோல்டர் இருக்கும். நமது டிஸ்குப் பிரதியில் அதைத் திறந்தால், காணவில்லையென்று புது விண்டோஸ் முறையிட்ட அதே கோப்பு அங்கே அமைதியாக உட்கார்ந்திருந்தது.

பழைய டிஸ்கு இல்லாதவர்கள் மூலக் குறுந்தகட்டைப் பார்க்கவேண்டும். அதில் கோப்பின் பெயர் முழுமையாகத் தெரியாவிடினும் சோர்வடைய வேண்டியதில்லை. பெயரின் கடைசி எழுத்துக்குப் பதிலாக ஓர் அடிக்கோடு போட்டிருந்தால் அது சுருக்கி வைக்கப்பட்ட கோப்பு என்று பொருள். ‘எக்ஸ்பேண்டு’ என்னும் கட்டளை விண்டோஸில் இன்றும் உண்டு. அதைக் கொண்டு விரித்துக்கொள்ளலாம். பிற்காலக் குறுந்தகடுகளில் பல கோப்புகளை ஒரே ‘கேப்’ பொட்டலமாகக் கட்டியிருப்பார்கள். இரண்டு முறை சொடுக்கினால் பொட்டலம் அவிழ்ந்துவிடும். இவ்விரண்டும் வாய்க்காதபோது, அக்கோப்பைச் செய்த கம்பெனியே வெளியிட்ட பொட்டலத்தை அக்கம்பெனியிடமிருந்தே பெறுதல் தக்கது. பழைய விளையாட்டுகள் கேட்கும் டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் கோப்புகளுக்கு மைக்ரோசாப்டின் 2010 ஜூன் மாதத்து டைரக்ட்எக்ஸ் பொட்டலம் இருக்கிறது. பெற்ற கோப்பின் பண்புகளைத் திறந்து, செய்தவரின் டிஜிட்டல் கையொப்பம் உளதா என்று பார்ப்பதும் நலம். மிகப் பழைய கோப்புகளில் அது இராது.

கிடைத்த கோப்பை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதன் பக்கத்தில் வைத்துவிடுவது எல்லாவற்றிலும் பத்திரமானது. புரோகிராம் தனக்கு வேண்டிய டி.எல்.எல்.-ஐ முதலில் தன் வீட்டில்தான் தேடும். பிறகே பொது இடத்துக்குப் போகும். பொது இடத்தில்தான் வைக்கவேண்டுமென்று நேர்ந்தால், 64 பிட் விண்டோஸில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. ‘சிஸ்டம் 32’ என்று பெயருள்ள ஃபோல்டரில் 64 பிட் கோப்புகள் இருக்கின்றன. 32 பிட் கோப்புகளோ ‘சிஸ்வாவ் 64’ என்பதில் இருக்கின்றன! இரண்டாம் வகுப்புப் பெட்டியில் முதல் வகுப்பென்றும், முதல் வகுப்பில் இரண்டாம் வகுப்பென்றும் எழுதி வைத்தாற் போன்றதே. பழைய 32 பிட் கோப்பைச் ‘சிஸ்டம் 32’-இல் போட்டுவிட்டு, “வைத்த பிறகும் இல்லை என்கிறதே” என்று தலையைச் சொறிந்துகொண்டவர்கள் அநேகர்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். கெர்னல் 32, ஓ.எல்.இ.ஆட் 32 போன்றவை விண்டோஸின் சொந்த உறுப்புகள். அவற்றைப் பழைய விண்டோஸ் 98-லிருந்து எடுத்துவந்து புதியதன்மேல் போர்த்துவது தகாது. அவை கெட்டிருந்தால் விண்டோஸிலேயே உள்ள ‘எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்’ என்ற கட்டளை அவற்றைச் சீர்செய்யும். அக்கட்டளை விஷுவல் பேசிக் ஐந்தாம் பதிப்பின் கோப்பைக் கொண்டுவந்து தராது என்பதும் உண்மை. தன் பொறுப்பில் உள்ளதை மட்டுமே அது பார்க்கும். அடுத்த மேசைக் காகிதத்தைத் தொடாத குமாஸ்தாவைப் போல.

நமது சங்கப் புரோகிராமுக்குத் திரும்புவோம். ஓட்டுநர் கோப்பை வைத்ததும் அது மகிழ்ந்து திறந்துவிடவில்லை. அடுத்த பெட்டி வந்தது, இம்முறை காம்டி.எல்.ஜி.32 என்னும் ஓ.சி.எக்ஸ். வேண்டுமாம். அதைக் கொடுத்தால் டி.பி.கிரிட் 32. பிறகு டி.ஏ.ஓ.350. ஒரேயடியாகப் பட்டியல் கொடுத்தால் என்ன? ஒவ்வொன்றாகத்தான் கேட்கும், சில ஆபீஸ்களில் ஒவ்வொரு தடவை போகும்போதும் இன்னொரு சான்றிதழ் கேட்பார்களே, அவ்வண்ணம். நாம் ஒரு தாளில் கேட்ட பெயர், கிடைத்த இடம், வைத்த இடம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டே வந்தோம். இத்தகைய வேலையில் நினைவை நம்புவதைவிடப் பென்சிலை நம்புவது மேல்.

ஓ.சி.எக்ஸ். வகைக் கோப்புகளைப் பக்கத்தில் வைத்தால் மட்டும் போதாது. விண்டோஸின் பதிவேட்டில் அவற்றின் பெயரைப் பதியவும் வேண்டும். பதியாவிடில், அந்த உறுப்போ அது சார்ந்த வேறொன்றோ சரிவரப் பதிவாகவில்லை என்று செய்தி வரும். ‘ரெக்எஸ்.வி.ஆர்.32’ என்னும் கட்டளை அந்தப் பதிவைச் செய்து தரும். அதனை நிர்வாகி அதிகாரத்தோடும், மேற்சொன்ன ‘சிஸ்வாவ் 64’ ஃபோல்டரிலிருந்தும் கொடுத்தல் வேண்டும். டி.ஏ.ஓ.350-க்கும் இதே பதிவு உண்டு. தரவுக் கோப்பைத் திறந்து காட்டும் ஜெட் 3.5 என்னும் எந்திரத்தின் வாயிற்காப்போன் அது. நமது சந்தாக் கணக்கு அக்ஸஸ் 97 முறையில் எழுதப்பட்டது. அக்ஸஸின் 2013-ஆம் பதிப்பு முதல் அந்தப் பழைய முறையை நேரே திறப்பதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே புரோகிராமைப் புறக்கணித்துவிட்டுத் தரவை மட்டும் புதிய அக்ஸஸில் திறந்துகொள்ளலாம் என்ற குறுக்குவழியும் நமக்கு அடைபட்டிருந்தது.

மூன்றாம் நாள் மாலை திரை திறந்தது. எண்களெல்லாம் சரியாக நின்றன. பெயர்களும் குறிப்புகளும் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரிந்தன. இதுவும் காணாமற்போன கோப்பின் விளைவே. இம்முறை காணாமற்போனது தமிழ் எழுத்துரு. யூனிகோடு முறையில் தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கினார்களாயினும், விண்டோஸில் அம்முறைப்படி தமிழ் முதலில் இயங்கியது விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன் எழுத்துருச் செய்தவர் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் தத்தம் விருப்பப்படி தமிழ் எழுத்துகளை உட்காரவைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று காணப்படும். 1999-இல் தமிழக அரசு டேம், டேப் என்னும் இரு குறியீட்டு முறைகளை வகுத்து ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இடைக்காலத்தில் எழுதப்பட்டவை எழுதியபடியே கிடக்கின்றன. பழைய டிஸ்கின் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரிலிருந்து எழுத்துருவை எடுத்துவந்து நிறுவியதும், மறைந்த அன்பரின் பெயர் தமிழில் எழுந்து நின்றது.

எழுத்துரு வராதிருந்தால் கணக்கே தவறாகப் போயிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. 2001 ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு மூன்று மாதங்களுக்கும் வரவு சூன்யமாயிருந்தது. “இடைவிடாது என்பது விதி; மூன்று மாதம் விட்டுப் போயிருக்கிறதே” என்று கமிட்டியில் மூத்தவர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் நான்கு மாதச் சந்தாவுக்குரிய தொகை ஒன்றாக வரவு வைக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிரே குறிப்புப் பத்தியில், சற்று முன்வரை குப்பையாகத் தெரிந்த இடத்தில், “தாயார் காலமாகி ஊரில் இருந்ததால் 3 மாத நிலுவை சேர்த்து” என்று அந்நாளைய பொருளாளர் தமிழில் எழுதி வைத்திருந்தார். மழையில் தப்பிய இரண்டு ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளோடு எண்ணும் தேதியும் ஒத்துப் பார்த்தோம், ஒத்திருந்தன. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் தொகை நிறைவேறிற்று. ஆட்சேபம் எழுப்பிய மூத்தவரே தீர்மானத்தை முன்மொழிந்தார்.

நம்முடையது 32 பிட் ஆனதால் இது கைகூடிற்று. 16 பிட் புரோகிராம் வைத்திருப்பவர்கள் தண்டவாளத்தைத் தாமே பதித்துக்கொள்ள வேண்டும். டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்கு 2002-இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அது கணிப்பொறிக்குள்ளேயே ஒரு பழைய கணிப்பொறியைப் போலி செய்து காட்டும். விண்டோஸ் 3.1 காலத்தவைக்கு ஒயின் என்னும் திட்டத்தின் உழைப்பு உதவுகிறது. லினக்ஸில் விண்டோஸ் புரோகிராம்களை ஓட்டுவதற்காக 1993-இல் தொடங்கிய இத்திட்டத்தார், விண்டோஸின் துணைக் கோப்புகளைத் தாமாகவே புதிதாக எழுதி வருகிறார்கள். அதன் 16 பிட் பகுதியை எடுத்து 64 பிட் விண்டோஸிலேயே ஓடும்படி செய்த ஒயின்வி.டி.எம். என்பதும் உண்டு. விண்டோஸிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளம், அதற்குப் போட்டியாக எழுந்த கூட்டத்தாரின் வழியே திரும்பி வந்ததை எண்ணினால் நகைப்பாகத்தான் இருக்கிறது. இவையும் உதவாவிடில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவற்றில் உங்களிடமுள்ள பழைய விண்டோஸ் குறுந்தகட்டையே உரிமத்தோடு நிறுவிக்கொள்ளலாம்.

உதவிப் பக்கங்களைத் திறக்கும் வின்ஹெல்ப் விஸ்டாவிலேயே நீங்கிவிட்டது. 8.1 வரையில் அதைத் தனியே வழங்கிவந்த மைக்ரோசாப்ட், விண்டோஸ் 10-க்கு வழங்கவில்லை. இதற்காக வருந்த வேண்டியதில்லை. உதவிப் பக்கம் திறக்காவிடினும் புரோகிராம் ஓடும்.

திறந்த அன்றே தரவை வெளியே எடுத்துவிடுவதுதான் அடுத்த வேலை. நாம் நான்கு ஆண்டுக் கணக்கையும் சாதாரண எழுத்துக் கோப்பாக இறக்கி, தமிழை யூனிகோடுக்கு மாற்றினோம். இந்த மாற்றத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய எழுத்துருக்களில் ‘கெ’ என்பதைக் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாக வைப்பார்கள். யூனிகோடில் ககரம் முன், கொம்பு பின். ‘கொ’ என்பதோ பழைய முறையில் மூன்று துண்டு. மாற்றித் தரும் புரோகிராம்கள் இதைப் பெரும்பாலும் சரியாகவே செய்கின்றன. எனினும் கொடுமுடி, கோவில்பட்டி போன்ற ஊர்ப் பெயர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நன்று.

அச்சிட்ட தாள்கள் 212 பக்கம் வந்தன. பைண்டு செய்து நூலகப் பீரோவின் இரண்டாவது தட்டில், புதிய பேரேடுகளுக்கு அருகில் வைத்திருக்கிறோம். 1999 முதல் 2003 வரை உறுப்பினராயிருந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை 4 மணி முதல் 6 மணிக்குள் வந்து தங்கள் வரவைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பழைய புரோகிராம் முடங்கிக் கிடக்கும் அன்பர்கள் அந்நேரத்திலேயே கொண்டுவரலாம். பெட்டியில் வந்த செய்தியை எழுத்துப் பிசகாமல் ஒரு சீட்டில் எழுதி, மூலக் குறுந்தகடோ பழைய ஹார்டு டிஸ்கோ எது இருந்தாலும் உடன் எடுத்துவரவும். குறும்படத்தை மட்டும் பென் டிரைவில் கொண்டுவரவேண்டாம்.